தலைகீழ் பாட்டில்

"மார்ச் 16, ஞாயிறு. கபோட் மலை. தவறு: தண்ணீர் பாட்டிலைப் பையில் நிமிர்த்தி வைத்துவிட்டேன். மூடி உறைந்துபோயிற்று."

இதை எழுதிவிட்டு டெல்ஃபின் வெகுநேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் தீயணைப்பு நிலையத்து மாடியில் மலை முதலுதவி வகுப்பு நடக்கிறது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஒரு தவறையாவது எழுதி வர வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. மற்றவர்கள் தவறைத் தேடித் தவிப்பார்கள். டெல்ஃபினுக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் தவிப்பு. இன்றைக்கு எழுதியது பொய்யில்லை. குளிர்காலத்தில் பாட்டிலைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வைக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக வைத்தால் ஐஸ் அடிப்பக்கத்தில் கட்டும், மூடி திறக்க வரும். அதில் போய்த் தவறினாள், அதுவும் தலைமை ஏற்று நடத்திய முதல் நடையில்.

தலைமையை அவள் கேட்டு வாங்கவில்லை. விடிகாலையில் காரை விட்டு இறங்கியதும் அப்பா ரோலான், "இன்னிக்கு நீதான் முன்னால" என்று சொல்லிவிட்டார். அவள் அண்ணன் லூக் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "உத்தரவு மேனேஜரம்மா, மூச்சு விட்டுக்கலாமா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் வந்திருக்கும். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, அந்த வட்டாரத்தில் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட நாற்பத்தெட்டு மலைகளையும் குளிர்காலத்தில் ஏறி முடிப்பது என்று வைராக்கியம் வைத்திருந்தவர். பாக்கி இருந்தது கபோட் ஒன்றுதான். வியாழக்கிழமை வசந்தம் பிறந்துவிடும். அதற்குப் பிறகு இடுப்பளவு பனியில் நீந்திப் போனாலும் கணக்கில் சேராது, அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். அவருக்கு வயது அறுபத்து நாலு. கடைசி மலையின் உச்சியில் உட்கார்ந்து வீட்டுப் பண்டம் தின்பது வழக்கம் என்பதால், முட்டி வலியால் மலைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்ட அம்மா ஷானின், பன்றியிறைச்சியும் கிராம்பும் உள்ளே வைத்துப் பெரிய அப்பம் ஒன்றைச் சுட்டுக் கொடுத்திருந்தாள். மேல்மாவில் கத்தியால் ஒரு மலையைக் கீறி, அதன் உச்சியில் ஒரு பொட்டும் வைத்திருந்தாள். லூக் அதைத் தன் முதுகுப்பையில் கைக்குழந்தையைப்போல் பொதிந்து எடுத்துக்கொண்டான்.

அந்தக் குடும்பத்துக்கு மலையில் ஒரே ஒரு சட்டம். முன்னால் நடப்பவர் திரும்பலாம் என்றால் எல்லாரும் திரும்ப வேண்டும். ஏன் என்ற கேள்வியைக் காருக்கு வந்து சேரும்வரை யாரும் கேட்கக் கூடாது. போட்டவர் அப்பாதான். மலைமேல் வாய்ச்சண்டை போட்டால் உடம்பில் இருக்கிற சூடெல்லாம் வாய் வழியாகவே போய்விடும் என்பார். அவர் திரும்பச் சொன்ன நாட்களில் பிள்ளைகள் இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

ஏற்றம் நன்றாகவே தொடங்கியது. முந்தைய நாள் யாரோ மிதித்துப்போன தடம் இறுகிக் கிடந்தது. பனிக்காலணியின் வாரை மாட்டும்போது அப்பா காலை நீட்டி, "மகன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? மாட்டி விடுடா" என்றார். லூக் முட்டி போட்டு, மகாராஜாவுக்குப் பாதபூஜை என்று முனகிக்கொண்டே மாட்டினான். மூவரும் சிரித்தார்கள். பிர்ச் மரங்கள் முடிந்து ஃபிர் மரங்கள் தொடங்குகிற இடத்தில் அப்பாவின் ஊன்றுகோல் நழுவி விழுந்தது. சற்று மேலே மறுபடியும் விழுந்தது. பாதை குறுகலாயிருப்பதால் கிளை தட்டியிருக்கும் என்று டெல்ஃபின் நினைத்துக்கொண்டாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவ்வப்போது திரும்பி, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும், குடிச்சேன், குடிச்சேன் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குளிரில் எட்டிக்கூடப் பார்க்காத தாகம் அவளையும் ஏமாற்றியது. தன் பாட்டிலை அவள் தொடவேயில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பழைய மரக்குடில் இருக்கிறது. காட்டுத்தீயைக் காவல் காத்தவர்கள் ஒரு காலத்தில் தங்கிய இடம். அங்கிருந்து உச்சி கூப்பிடு தூரம்தான். உள்ளே உட்கார்ந்ததும் அவள் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அசையவில்லை. உள்ளங்கையால் தட்டினாள், பெஞ்சின் விளிம்பில் மோதினாள். அப்போதுதான் பாட்டிலை எப்படி வைத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்து முகம் சூடேறியது. நல்லவேளை, லூக் மேலே பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்க வெளியே போயிருந்தான். அப்பா ஒன்றும் கேலி செய்யவில்லை. "என்னோடத எடுத்துக் குடி" என்று முதுகைத் திருப்பினார். அவர் பையில் பாட்டில் சரியாகத் தலைகீழாக, காலுறைக்குள் இருந்தது. தூக்கியபோதே கனத்தது. மூடி ஒரே திருகில் வந்துவிட்டது. கழுத்துவரை தண்ணீர், காலையில் அம்மா ஊற்றியபடியே.

டெல்ஃபின் குடிக்காமல் அவரைப் பார்த்தாள். அவர் அணைந்து கிடந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரை மாட்டிவிடச் சொன்னதும், கோல் நழுவியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. குளிர் ஏறினால் விரல் தடுமாறும் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். அவருடைய கையுறையைக் கழற்றிக் கையைப் பிடித்தாள். கை கதகதப்பாக இருந்தது. அப்படியென்றால் இது குளிரில்லை. குளிரென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"சூடாத்தானே இருக்கு" என்றார் அப்பா, மெதுவாக.

"எவ்ளோ நாளாப்பா?"

"அம்மாகிட்ட சொல்லிக்கலாம். மொதல்ல மேல போயிட்டு வருவோம்."

மூடியைத் திருகிக் காட்டுங்கள் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் குடித்தார், நிறுத்தாமல், பாதிக்குமேல். அவ்வளவு தாகத்தோடு ஏறி வந்திருக்கிறார். ஏறுவது பெரிதில்லை. குடிலுக்குக் கீழே பனி இறுகிய சரிவு ஒன்று இருந்தது. கோலை இறுக்கி ஊன்றாமல் அதில் இறங்க முடியாது. கால் இன்னும் களைக்காமல் இருக்கும்போதே அதைத் தாண்டிவிடுவது நல்லது. மேலே போய், அப்பம் தின்று, படம் பிடித்து, வெயில் சாய்ந்த பிறகு என்றால்? இல்லை, தான்தான் ஒன்றைப் பத்தாக்கிக்கொள்கிறோமா? கூப்பிடு தூரம். அவர் ஆயுசுக்கும் ஏங்கிய கூப்பிடு தூரம்.

லூக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மேல தடம் ஜோரா இருக்குப்பா. கெளம்புங்க, அப்பம் ஆறுது." அது காலையிலேயே கல்லாகியிருந்தது.

"திரும்பலாம்" என்றாள் டெல்ஃபின்.

லூக் வாயைத் திறந்தான். அப்பா கையுறையில் கையை நுழைத்தபடி எழுந்துவிட்டார். சட்டம் அவருடையது, அவரே முதலில் வெளியே போனார். மரங்களுக்கு மேலே உச்சி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அந்த உச்சியில் மரம்தான், காட்சிகூடக் கிடையாது. சரிவில் லூக் முன்னால் இறங்க, டெல்ஃபின் அப்பாவின் பைப்பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது அவர் கோல் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. லூக் எடுத்துக் கொடுத்தான். கோபத்தில் அவன் எதையும் கவனிக்கவில்லை.

காருக்கு வந்ததும் அவன் முதுகுப்பையை இறக்கினான். "இப்பக் கேக்கலாம்ல? ஏன் திரும்பின?"

அப்பா கார்க் கதவில் கை வைத்தபடி அசையாமல் நின்றார். டெல்ஃபின் அவரைப் பார்க்கவில்லை. "பாட்டில நிமித்தி வச்சுட்டேன். மூடி உறைஞ்சு போச்சு. தண்ணி இல்ல."

"இதுக்கா? என் பாட்டில்ல இல்லையா, அப்பாகிட்ட இல்லையா? நாப்பத்தேழு மலை ஏறின மனுசனடி அவரு! கிளாசுக்கு வேற போறா, கிளாசு!"

"போதும்டா" என்றார் அப்பா. "முன்னால நடந்தவ சொன்னா சொன்னதுதான்."

பிறகு சட்டைப்பையில் வெகுநேரம் துழாவினார். உள்ளங்கையை விரித்து அவள்பக்கம் நீட்டினார். கார்ச் சாவி. அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டப் போவதில்லை என்பது வீட்டில் பழைய நகைச்சுவை. சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்த லூக், அந்தக் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விரல்கள் மடங்காமல் விரிந்தபடியே நின்றன.

வழி நெடுக டெல்ஃபின்தான் வண்டியை ஓட்டினாள். வீட்டில் அம்மா மூன்று முகங்களையும் பார்த்தாள். அப்பத்தை வாங்கி உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தாள். கதவு மூடுவதற்குள், கீறி வைத்த மலையின் பொட்டின்மேல் வெண்பூச்சு படிந்திருப்பதை டெல்ஃபின் பார்த்தாள். அப்பா சூப்புக் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி மேசையில், தொடப்படாமல்.

டெல்ஃபின் கையிலிருந்த பேனாவால், தவறு என்ற வரிக்குக் கீழே எழுதினாள்:

"நாளை: வேலைக்குப் போகும் முன் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்து அப்பாவின் கைகளைக் காட்ட நேரம் வாங்க வேண்டும். அதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். பாட்டிலை உலர்த்த வேண்டும்."