இரவல் கண்ணீர்

அனந்தலக்ஷ்மிக்கு மூக்குதான் பகை. ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, அடுப்பு புகைந்தால் போதும், ஈரக்காற்று பட்டால் போதும், பொலபொலவென்று ஒழுகும். குளித்து, தீட்டுப் படாமல் மடியாகச் சமைக்கிறவள் மூக்கைத் தொட்டால் மடி என்னத்துக்கு ஆகும்? மறுபடி குளியல். குளித்து ஈரப்புடவையோடு நின்றால் மறுபடி ஒழுகல். ஒருநாள் ரசத்திலேயே ஒரு சொட்டு விழுந்தது. மாமியார் சுப்புலக்ஷ்மி அத்தனையையும் முற்றத்தில் கொட்டினாள்.

"மூக்கு நின்னா இங்க இரு. இல்லேன்னா உங்கப்பாவோட போய் இரு."

புருஷன் நாகேஸ்வரன் தங்கமானவன். அம்மாவுக்குத் தெரியாமல் அவளை டாக்டர் சத்தியநேசனிடம் கூட்டிப்போனான்.

"மூக்குக்குப் பின்னால ஒரு நரம்பு முடிச்சு உண்டு, கேட்டியளா. ரத்தக்குழாய் வீங்குறதும் தண்ணி ஊறுறதும் அது சொல்படிதான். ஸ்பிரிட் ஊசி போட்டு அதைச் சாகடிச்சா ஒழுக்கு நிக்கும். ஆனா கண்ணீருக்கும் அதே முடிச்சுதான். கண்ணும் வறண்டு போவும்."

நாகேஸ்வரன் தயங்கினான். அவள் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு. இனிமே நான் எதுக்கு அழப்போறேன்?"

வாய்க்கென்ன, எதையும் சொல்லிவிடும். ஊசி போட்டுக்கொண்டாள். ஸ்பிரிட் என்றால் சாராயம், மடிக்காரி உடம்பில் சாராயம் ஏறியது தெரிந்தால் மாமியார் அடுப்பங்கரை வாசலையே மிதிக்க விடமாட்டாள். அதனால் வைத்தியர் லேகியத்தில் குணமானது என்று இருவரும் சொல்லிவைத்தார்கள். மூக்கு நின்றது. மாமியார் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆடியில் நாகேஸ்வரனை டைபாய்டு கொண்டுபோயிற்று.

கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தது. தெருப் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாவி மகள் அனந்தலக்ஷ்மிக்கு நெஞ்சு வெடித்தது, தோள் குலுங்கியது. கண் மட்டும் மணல் விழுந்தாற்போல் எரிந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை தாங்காமல் அடுப்பங்கரைக்கு ஓடினாள், குடத்து ஜலத்தை அள்ளிக் கண்ணில் பூசிக்கொண்டாள். திரும்பினால் வாசற்படியில் மாமியார்.

"வேஷமாடீ போடறே? என் ரசத்துல சொட்ட ஜலம் இருந்தது. என் பிள்ளைக்கு இல்லியா?"

"அம்மா, நரம்புக்கு ஊசி போட்டுண்டேன். டாக்டர் சொன்னார், கண்ணு வறண்டுடும்னு. அவருக்குத் தெரியும்."

"எவருக்கு?"

அவள் கூடத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு லேகியம்னே. இப்ப ஊசிங்கறே. செத்தவனைச் சாட்சிக்கு இழுக்கறே."

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் மாமியார் அவள் அப்பாவை வரவழைத்து, பெட்டியோடு அனுப்பிவிட்டாள். வண்டி கரமனைப் பாலத்தைத் தாண்டியது. அப்பா மகள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"வாய்விட்டு அழுதுடும்மா. அழுதா மனசு லேசாயிடும்."

அவள் எரிகிற கண்ணை மூடிக்கொண்டு, சரியென்று தலையாட்டினாள்.