பாதி சிகரெட் கணக்கில் வராது

சிகரெட் புகை வாய் வழியாக உள்ளே போய், நுரையீரலை விசாரித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். முதுகெலும்புக்குப் போக அதற்கு ஒரு சந்துகூடக் கிடையாது. வீடு மாற்றித் தரும் கம்பெனியின் மேஸ்திரி பல வருடம் பீரோ சுமந்து கண்டுபிடித்த உண்மை இது. மறுத்துப் பேசும் அளவுக்கு அங்கே யாரும் படித்திருக்கவில்லை.

வேன் டிரைவர் மட்டும் முதுகுவலி என்று சிகரெட்டை விட்டிருந்தான். மற்றவர்கள் பற்றவைத்தால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான்.

"சிகரெட்ட விட்டா முதுகு நிமிருமாம். போடா, போய் உள்ள உக்காந்து வளரு," என்பார் மேஸ்திரி.

மாடிப்படியில் பீரோ இறக்கும்போது அவருக்குக் கீழ்ப்பக்கம் பிடிப்பவன் மனைவியின் தம்பி. மேலே பிடிப்பவர் பேசிக்கொண்டே வரலாம். கீழே பிடிப்பவன் சுமக்க வேண்டும். ஒருநாள் பாதிப் படியில் மைத்துனனின் இடது கால் மரத்துப்போய் மடங்கியது. பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் அவன் முதுகெலும்பில் நசுங்கியிருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி அங்கே வைத்து, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்.

"ஸ்க்ரூ சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். எலும்பு வளர்ந்து தானா ஒட்டணும். அதுக்கு ரத்தம் போகணும். சிகரெட் அந்த ரத்தக்குழாயச் சுருக்கிடும். ஒட்டுற வரைக்கும் ஒண்ணுகூட ஆகாது."

"ஒட்டிட்டா வேலைக்குப் போலாமா சார்?" என்றான் மைத்துனன்.

"சுமை தூக்க முடியாது. உக்காந்து செய்ற வேலைன்னா போலாம்."

கம்பெனியில் பேக்கிங் வேலை ஒன்று இருந்தது. அவன் எழுந்து வரும்வரை காலியாக வைத்திருப்பதாக முதலாளி சொன்னார்.

"என்னங்க, அவன் பக்கத்துல வச்சுப் புகைக்காதீங்க," என்றாள் மனைவி.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஆனால் மைத்துனன் நாளெல்லாம் படுத்தபடி மின்விசிறியை முறைத்துக்கொண்டிருப்பதை மேஸ்திரியால் பார்க்க முடியவில்லை. இளகிய மனசு. மனைவி கடைக்குப் போகும் நேரம் பார்த்து, ஜன்னலைத் திறந்து, தான் பாதி பிடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினார்.

"டாக்டர் கேட்டா என்ன மாமா சொல்றது?"

"சிகரெட்ட நீ வாங்குறியா மாப்ள?"

"இல்ல."

"பத்தவைக்கிறியா?"

"அதுவும் நீங்கதான்."

"அப்புறம் என்ன? நீ விட்டாச்சு. பாதியெல்லாம் கணக்குல வராது."

டாக்டர் கேட்டபோது, "விட்டுட்டேன் சார்," என்று மைத்துனன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பக்கத்தில் நின்ற மேஸ்திரி சாட்சிக்குத் தலையாட்டினார். தம்பி திருந்திவிட்டான் என்று மனைவி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில், இரண்டு எலும்புகளும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிபோல் தள்ளியே நின்றன. ஒரு ஸ்க்ரூ ஆடத் தொடங்கியிருந்தது.

"ஒட்டவே இல்ல. மறுபடி திறக்கணும். நிஜமாவே விட்டீங்களா?"

மைத்துனன் டாக்டரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தான். அவன் பார்த்த இடத்தை அக்காவும் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷனைப் பிடித்து நிறுத்தினாள்.

"பீரோவத்தான் அவன் தலையில இறக்குனீங்க. இதையுமா?"

மேஸ்திரி ஆட்டோ பிடிக்கப் போனார்.

அந்த வாரமே பேக்கிங் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். முதலாளியும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

சாயங்காலம் மைத்துனனே கேட்டான். "சிகரெட் எங்க மாமா? எடுங்க. இனிமே எதுக்குப் பயம்?"

"இல்லடா. விட்டுட்டேன்."

மைத்துனன் சிரித்தான். சிரிப்பு முதுகில் பிடித்து இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டான். "நீங்க விட்டு என்ன மாமா? ஒட்டாதது உங்க எலும்பு இல்லையே."

அவர் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார். அவன் கையைத் தட்டிவிட்டான்.

மறுநாள் மதியம், படிக்கட்டுக்கடியில் ஆட்கள் பற்றவைத்தார்கள். மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"மச்சினன் எப்படி இருக்காருண்ணே?"

"படுத்திருக்கான்," என்றார் மேஸ்திரி.