மிர்க்கின் பல்

மிர்க் கடிக்கிற நாய் என்று பந்தயங்களுக்கு வரும் நான்கு நாட்டு மேய்ப்பர்களுக்கும் தெரிந்துவிட்டது. போன மாதம் ஸ்காட்லாந்தில் நடந்த மேய்ப்பு நாய்ப் பந்தயத்தில், ஆடுகளைப் பட்டியில் அடைக்கிற நேரத்தில், ஒரு ஆட்டின் மூக்கைக் கவ்விவிட்டது. நடுவர் காரில் உட்கார்ந்தபடியே ஹார்ன் அடித்து மிர்க்கை வெளியேற்றினார். மேய்ப்பர்கள் வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

மிர்க்கைப் பழக்கிப் பந்தயத்தில் ஓட்டுபவள் ஹெலெத். பண்ணைக்குப் பொறுப்பு அவள் அண்ணன் டெகிட்.

"இன்னொரு தடவை பல்லு பட்டுச்சு, கொர்மாக் கூட அனுப்பிருவேன். பேச்சே கிடையாது" என்று அவன் சொல்லிவிட்டான்.

கொர்மாக் அயர்லாந்துக்காரன், மாடு வளர்ப்பவன். முரட்டு மாட்டைக் காலில் கவ்வி நகர்த்தும் நாய்தான் அவனுக்கு வேண்டும். அடுத்த பந்தயத்தன்று ஆசாமி காலையிலேயே வண்டியை மைதானத்து வேலியோரம் நிறுத்திவிட்டான்.

"நாய்க்கு வண்டில வைக்கோலெல்லாம் பரப்பி வெச்சாச்சு பொண்ணே."

"நீயே அதுல படுத்துக்க" என்றாள் ஹெலெத்.

மூன்று வயதுக்குட்பட்ட நாய்களுக்கான சர்வதேசப் பந்தயம் அது. மிர்க்குக்கு அடுத்த வாரம் மூன்று முடிகிறது. அவள் முறை வந்தபோது ஏரியிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மிர்க் வலப்பக்கமாகச் சரிவில் ஏறி, நானூறு கஜத்துக்கு அப்பால் நின்ற ஐந்து ஆடுகளுக்குப் பின்னால் போய் அடங்கி நின்றது. பிறகு பிசகாமல் கீழே ஓட்டி வந்தது. வேலியோரம் பேச்சு நின்றது. அதுவரை ஓடிய எந்த நாயும் இவ்வளவு புள்ளி எடுக்கவில்லை.

மிச்சம் பட்டிதான். கதவைத் திறந்து அதன் கயிற்றைப் பிடித்தாள். ஆடு உள்ளே போகும்வரை அதை விடக்கூடாது. ஒன்றரை நிமிடம் இருந்தது. வாசலுக்கு வந்ததும் ஒரு ஆடு திரும்பி மிர்க்கை முறைத்துக் காலைத் தரையில் உதைத்தது.

விசில் அவள் உதட்டில் இருந்தது. 'முன்னே போ' என்று ஒரு ஊதல் ஊதினால் நாய் நெருக்கும். ஆடு பயந்து உள்ளே ஓடலாம். ஓடாவிட்டால் பல் படும். ஸ்காட்லாந்தில் இதே கட்டத்தில் அவள் இரண்டு தடவை ஊதினாள். கோப்பை ஆசை. நாய் சொன்னதைச் செய்தது. எல்லோரும் நாயைத் திட்டினார்கள். அவள் வாயே திறக்கவில்லை. அந்த வெட்கம் ஒரு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

விசிலைத் துப்பினாள். அது கழுத்துக் கயிற்றில் தொங்கியது. செத்தாலும் ஊதமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆடு பாய்ந்து மிர்க்கின் நெற்றியில் முட்டியது. நாய் ஓரடி பின்வாங்கியது. உதடு மேலேறி, பல் தெரிந்தது.

"மிர்க்" என்றாள், மெதுவாக. அவ்வளவுதான்.

நாய் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஆடும் நின்றது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஆடு தலையைத் திருப்பிக்கொண்டு மற்றவற்றுக்குப் பின்னால் நடந்தது. நான்கு உள்ளே போயின. ஐந்தாவது வாசலில் இருக்கும்போது நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. பட்டிக்கான புள்ளிகள் போயின, கோப்பையும் போயிற்று.

டெகிட் வேலியைத் தாண்டி ஓடிவந்தான்.

"பைத்தியமாடி உனக்கு? ஒரே ஒரு ஊதல்! கோப்பை நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்!"

"போன தடவை ஊதினேன்ணே. ரெண்டு தடவை. அதனாலதான் அது கடிச்சுது. நாய் மேல பழியப் போட்டுட்டு நான் கம்முனு இருந்துட்டேன்."

அதற்குள் கொர்மாக் கையில் சங்கிலியோடு வந்து சேர்ந்தான்.

"என்னப்பா, கோப்பைதான் போச்சே, நாயை ஏத்திரலாமா?"

"நாயைத் தொடாதே" என்றான் டெகிட். "கடிக்க வெச்சது இவதான். வேணும்னா இவள ஏத்திட்டுப் போ."