பரவையில் பழுதில்லை

தொலைபேசிக் கம்பி எப்படிக் கெடுகிறது என்பது பேயாண்டிக்கு அத்துபடி. எக்ஸ்சேஞ்சிலிருந்து தடித்த கேபிள் மண்ணுக்கடியில் வந்து, தெருமுனைப் பெட்டியில் கிளை பிரியும். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு செம்புக் கம்பி. இணைப்பில் ஈரம் இறங்கினால் செம்பு பச்சை பூக்கும். முதலில் பேச்சில் கரகரப்பு வரும், பிறகு போன் ஊமையாகிவிடும். அதனால் மழைக்கு முன்பே பெட்டிகளைத் திறந்து துடைத்துவிடுவார். மீறிக் கெட்டால் வீட்டுக்காரர்கள் அவருடைய செல்லுக்குத்தான் கூப்பிடுவார்கள். புகார் எண் எதுவும் போடாமலே அரை மணியில் சரியாகிவிடும். பதினாறு வருஷம் ஒப்பந்த ஊழியராகப் பரவை ஊரை இப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

அரசுத் தொலைபேசி நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. மாதம் முப்பது புகாருக்கு ஓர் ஆள்.

"பரவையில ஆறு மாசத்துல நாலு புகார்ணே," என்று அதிகாரி சரண்யாதேவி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "வேலையில்லாத எடத்துல ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க."

"வேலை பாத்ததுனாலதான் மேடம் புகார் வரல."

"எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே. மாசம் முடிய மூணு நாள் இருக்கு. முப்பது வந்தா எழுதிப் பாக்குறேன்."

மறுநாள் காலையில் மார்க்கெட் எதிரே உள்ள பெட்டியைத் திறந்தார். அவசரத்துக்கு வேண்டுமென்று டாக்டர் வீட்டு லைனை மட்டும் தொடவில்லை. தான் இறுக்கிய கம்பிகளில் முப்பது ஜோடியைத் தானே கழற்றிவிட்டு, டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

பத்தே நிமிஷத்தில் செல் அடித்தது. அரிசிக்கடை சோலையம்மாள்.

"அண்ணே, போன் பொணமாக் கெடக்கு. எங்கிட்டு இருக்கீக?"

"ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுப் புகார் குடு தாயி."

"அட போங்கண்ணே. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு அதுல ஒருத்தி உசுர வாங்குவா. நீங்க இருக்கையில அவகிட்ட எனக்கென்ன பேச்சு?"

"ஏம் பொழப்பே அதுலதான் இருக்கு தாயி."

"சரி, குடுத்துட்டாப் போச்சு. மொதல்ல வந்து சரி பண்ணுங்க. யாவாரம் கெடக்குல்ல."

சாயங்காலத்துக்குள் அவர் செல்லுக்கு இருபத்தாறு அழைப்புகள். ஆபீசுக்கு இரண்டே புகார்கள். இரண்டு பேர் இணைப்பே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பேயாண்டி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஜோடியாக மாட்டினார். அந்தந்த வீட்டில் மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கம்பிக்குப் போனார்.