சூடு ஆறும் தூரம்

அதே எஃகு, அதே உலை, அதே எண்ணெய். ஆனாலும் பம்புத் தண்டுகள் விரிசல் விட்டன. ஏனென்று உலைக்காரிக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை விரிசல் வந்தால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டது வெளிநாட்டுக் கம்பெனி.

மற்ற ஊர்கள் இலவச நிலம் தருகிறோம் என்று அழைத்தும், அந்தக் கம்பெனி இந்தப் பட்டறைத் தெருவின் முனையைத்தான் தேடி வந்தது. கடைசல், உலை, சாணை, முலாம் எல்லாம் இங்கே கூப்பிடு தூரம். வந்ததும், புகை வாசலுக்கு வருகிறது என்று புகார் கொடுத்தது. நகராட்சி உலையை மட்டும் ஊருக்கு வெளியே துரத்தியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதைதான்.

விரிசல் விட்ட தண்டோடு, தெருவிலேயே இருந்த நாத்தனாரின் பட்டறைக்குப் போனாள். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். நாத்தனாரின் அடுப்பில் மிதமான சூட்டில் கிடந்தால்தான் அதன் உள்ளிறுக்கம் தளரும்.

"உன் அடுப்பு தூங்குதாடி?"

"தூங்கலை அண்ணி. உங்க தண்டுதான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி விறைச்சுக்கிட்டு வருது. முன்னெல்லாம் எதிர்ப்பக்கத்துலேர்ந்து சாக்குல சுத்தித் தூக்கிட்டு, சுடுது சுடுதுன்னு ஓடி வருவீங்களே!"

உலைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது வண்டி நிறையும்வரை தண்டுகள் காத்துக் கிடக்கின்றன. முழுக்க ஆறிப்போய், இறுக்கம் தாங்காமல் வழியிலேயே வெடிக்கின்றன.

"என் அடுப்பை அங்க கொண்டு வந்துடவா?"

"அது தெருவுக்கே அடுப்பு. அப்புறம் சாணைக்காரரும் வரணும், முலாம்காரரும் வரணும்."

"கடைசியில கம்பெனியும் பின்னாலேயே வரும், புகார் கொடுக்க!"

உலைக்காரி சிரிக்கவில்லை. நேரே கம்பெனி மேலாளர் அறைக்குப் போனாள்.

"நாங்க பக்கத்துல பக்கத்துல இருக்கோம்னுதானே வந்தீங்க? வந்து பிரிச்சு வெச்சுட்டு, விரிசலுக்கு எங்களையா திட்டுறீங்க? உங்க காரை உலைக்கு அனுப்புங்க, தண்டு ஆறுமுன்னே அடுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுறேன். சீட்டு கருகினா கருகட்டும்!"

மேலாளர் முகம் சிவந்தது. ஆனாலும் காரை அனுப்பினார். சாக்கில் சுற்றிய தண்டுகள் சூடு ஆறுமுன் அடுப்புக்குப் போயின. ஒன்றுகூட விரிசல் விடவில்லை. மறுநாளே மேலாளர் புகாரைத் திரும்பப் பெற்றார்.

உலை பழைய இடத்துக்கே வந்தது. அதன் புகைக்குழாயைக் கம்பெனிக் கூரைக்கு மேலே உயர்த்தினார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த தண்டு, கை பொறுக்காத சூட்டோடு தெருவைக் கடந்து எதிர் அடுப்புக்குப் போகிறது.