சத்தமில்லாத சிக்னல்

பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்ததால் ரேடியோ கிளப்பில் அவளைப் பல்லம்மா என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது, மூன்று வருடத்தில் பெயராகவே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கிளப்பில் மருந்துக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், சலவைக்கடை நடத்தும் அக்கா தம்பி என்று முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ வைத்துக்கொண்டு காற்றில் பேசிக்கொள்கிறவர்கள். ஹாம் என்பார்கள். புயல் மழையில் போன் செத்துப்போகும் நாட்களில் இவர்களைத் தேடி ஆள் வரும். மற்ற நாட்களில் இவர்களே வேலையைத் தேடிப் போவார்கள். யாரும் இவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை.

பல்லம்மா போன வருடம் கிளப்பின் செயலாளர் ஆனாள். தினமும் காலையில் எல்லாரும் ஒரே சேனலுக்கு வந்து ஆஜர் சொல்லும் அரை மணி நேரத்தை நடத்துவது அவள் பொறுப்பு. அங்கேதான் லிஃப்ட்காரரோடு முட்டிக்கொண்டது.

லிஃப்ட்காரர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் கப்பல் ஏறிப் போய் வேறு தேசத்தில் குடித்தனம். கிளப்பில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. அதை மற்றவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதிலும் அவர் குறை வைக்கவில்லை. புதிதாக வந்த யாராவது ஒரு வார்த்தையைத் தவறாகச் சொன்னால் போதும், நடுவில் புகுந்து திருத்துவார். திருத்தம் பத்து நிமிடம் போகும். கேட்கிறவர்கள் ஒவ்வொருவராக ரேடியோவை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், முதல் முறையாகப் பேச வந்த ஒரு பெண்ணை அவர் அப்படித் திருத்தப்போக, அந்தப் பெண் அழாத குறையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் காதிலும் விழ, "சார், உங்க பாடத்தை உங்க வீட்டோட வெச்சுக்கங்க. இங்க மத்தவங்களும் பேசணும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றோடு அவர் குரல் நின்றுபோனது. ஆஜர் சொல்ல வரவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து சேனலில் யாரோ விசில் அடிக்க ஆரம்பித்தார்கள். யார் முக்கியமாக ஏதாவது பேசினாலும் நடுவில் ஒரு விசில். கேட்டவர்கள் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரின் பெரிய ஓட்டப்பந்தயம். இருபத்தொரு கிலோமீட்டர். வழிநெடுகத் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் கிளப் ஆட்கள் ஆளுக்கொரு கையடக்க ரேடியோவோடு நின்றார்கள். யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது, தண்ணீர் தீர்ந்தால் லாரியை அனுப்பச் சொல்வது இவர்கள் வேலை. கிளப் தலைவரான மருந்துக்கடைக்காரர் பந்தயம் முடியும் இடத்தில் மேசை போட்டு எல்லாரையும் மேய்த்துக்கொண்டிருந்தார். பல்லம்மா அவர் பக்கத்தில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட நாத்தனார், ஆறு மணிக்கே எழுப்பிவிட்டார்களே என்று கொட்டாவி விட்டபடி, வண்டியிலேயே சாய்ந்திருந்தாள். நாத்தனாருக்கு ரேடியோ என்றால் வேப்பங்காய். கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் தூக்கம்.

ஏழு பத்துக்குச் சேனல் அடைத்துக்கொண்டது.

விசில் இல்லை. பேச்சும் இல்லை. யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் இருப்பது போல வெறும் நிசப்தம். பட்டனை ஒருவர் அழுத்தியிருக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யார் பேசினாலும் துண்டு துண்டாகத்தான் கேட்கும். ஏழாவது இடத்தில் நின்ற கண்டக்டர், ஓட்டக்காரர் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டதைச் சொல்ல நான்கு முறை முயன்று, முடியாமல், அரை கிலோமீட்டர் ஓடிப்போய் அடுத்த ஆம்புலன்ஸை அழைத்துவந்தார். கடைசியில் தலைவர் போன் போட்டு எல்லாரையும் மாற்றுச் சேனலுக்கு வரச் சொன்னார். மாற்றுச் சேனலில் மூச்சு வாங்க வந்து சேர்ந்த கண்டக்டரின் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது.

பல்லம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மாற்றுச் சேனலில் எல்லாரும் கேட்கவே சொன்னாள். "வேற யாரு, லிஃப்ட்காரர்தான். எட்டு மாசமா அடங்காத ஆத்திரத்தை இன்னைக்கு ஊரே கூடுற நாள் பார்த்துத் தீர்த்துக்கறாரு. நான் போய் ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டு வர்றேன்."

அவர் வீடு எங்கே என்று கிளப்பில் யாருக்கும் தெரியாது. ஆனால் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆன்டெனா ஒன்று அவளிடம் இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் இரும்பு அளவு டேப்பைத் துண்டு போட்டுக் கட்டி அவளே செய்தது. பார்க்க மீன் முள் மாதிரி இருக்கும். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, இதைப் பிடித்துக்கொண்டு தன் வண்டியில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். ஆனாலும் வண்டியைக் கிளப்பினாள்.

மேம்பாலத்தில் நின்று பல்லம்மா ஆன்டெனாவை மெதுவாகச் சுற்றினாள். ரேடியோவின் முள் எங்கே அதிகம் எழும்புகிறதோ அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். வடகிழக்கு. மேப்பில் ஒரு கோடு போட்டாள். பூங்கா வாசலில் இறங்கி மறுபடி பார்த்தாள், இன்னொரு கோடு போட்டாள். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம் பழைய குவார்ட்டர்ஸ் தெரு. ஒவ்வொரு இடத்திலும் எங்கே இருக்கிறோம் என்று மாற்றுச் சேனலில் சொல்லிக்கொண்டே போனாள். மற்றவர்களும் உற்சாகமாகிவிட்டார்கள். லைசென்ஸைப் பிடுங்கச் சொல்லி எழுத வேண்டும் என்றார் ஒருவர். கிளப் வாசற்படியை மிதிக்க விடக்கூடாது என்றார் இன்னொருவர். அத்தனைக்கும் பல்லம்மா ஆமாம் போட்டாள்.

எட்டேமுக்காலுக்கு முள் இறங்க ஆரம்பித்தது. தாங்கள் வருவது தெரிந்து பவரைக் குறைக்கிறார் என்று நினைத்தாள். நாத்தனாரை விரட்டினாள். ஒரு சந்தில் தப்பாகத் திரும்பி, சுவரில் முட்டி, வந்த வழியே திரும்பினார்கள். குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் உச்சத்தில் நின்றது, அவ்வளவு நெருங்கிவிட்டார்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். உடம்பு நடுவில் மறைக்கும்போது சிக்னல் குறையும், அப்போது முதுகுப் பக்கம்தான் ஆள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"அண்ணி, இந்தக் கட்டடமா?" என்றாள் நாத்தனார், முதுகுப் பக்கம் இருந்த நாலு மாடி வீட்டைக் காட்டி. "நாலாவது மாடில ஒரு பெரியவர் இருக்காரு. மாசம் ஒரு பார்சலாவது வரும். லிஃப்டே இல்லாத வீடு, ஏறி இறங்கறதுக்குள்ள உயிர் போயிரும். ஆனா பாவம், ஒவ்வொரு தடவையும் தண்ணி குடுக்காம அனுப்ப மாட்டாரு."

பல்லம்மா படியேறினாள். நாலாவது மாடிக் கதவு பூட்டியிருந்தது. மணி அடித்தும் யாரும் வரவில்லை. ஆனால் மேலே மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. மருந்துக்கடைக்காரர் மாற்றுச் சேனலில் தண்ணீர் லாரியைக் கூப்பிடும் குரல். அப்படியானால் மனுசன் இங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை. திறந்த ஜன்னல் வழியே, இரண்டு சேனலையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் பெரிய ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓர் இரும்பு ஏணி சரிந்து கிடந்தது. அதற்கு அடியில் லிஃப்ட்காரர் கிடந்தார்.

கண் திறந்திருந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கையடக்க ரேடியோவின் பட்டன்மேல் ஏணியின் படி ஒன்று அழுந்தி நின்றது. பேட்டரி தீரப்போவதாக அதன் சிவப்பு விளக்கு மினுக்கியது. சட்டைக் காலரில் மாட்டிய மைக்கின் வயர் அறுந்து தொங்கியது. அந்த வயரைச் செருகியிருக்கும்வரை ரேடியோவின் சொந்த மைக் வேலை செய்யாது. ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் கத்தியது எதுவும் காற்றில் போகவில்லை. நிசப்தம் மட்டும்தான் போனது.

பல்லம்மா முழங்காலில் உட்கார்ந்தாள். அவர்தான் முதலில் பேசினார்.

"பார்க்ல நிக்காம நேரா வந்திருந்தா பத்து நிமிசம் மிச்சம். கடைசிச் சந்துலயும் தப்பாத் திரும்பிட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாத்தனார் அதற்குள் ஏணியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காலை யாரும் அசைக்கக் கூடாது என்று அதட்டினாள். பட்டன் விடுபட்டது. ஊர் முழுக்க அடைத்துக் கிடந்த சேனல் திறந்துகொண்டது.

அறைக்குள் ரேடியோ கேட்டது. கண்டக்டரின் குரல். ஆளைப் பிடித்தாயிற்றா, நாலு போடு போட்டாயிற்றா என்று.

பல்லம்மா தன் ரேடியோவை எடுத்தாள். "பிடிச்சாச்சு. ஏணியிலேருந்து விழுந்து ரெண்டு மணி நேரமாக் கிடக்காரு. இடுப்பெலும்பு போயிருக்கும்போல. ஆம்புலன்ஸ் அனுப்புங்க, நாலு மாடி, லிஃப்ட் இல்ல, தூக்க ஆள் வேணும்."

பிறகு மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி கிளம்பிவிட்டது என்றார்.

இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. மகள் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்த நான்கு நாளும் கிளப்பில் முறை போட்டுக்கொண்டு ஆள் மாற்றி ஆள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார்கள். முதல் முறையைக் கண்டக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். பல்லம்மாவின் முறை மூன்றாம் நாள் மதியம் வந்தது. பழச்சாறு வாங்கிப் போயிருந்தாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததை மறந்து நின்றாள்.

"அன்னைக்கு நாங்க பேசினதெல்லாம்…"

"ஒண்ணு விடாமக் கேட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். "லைசென்ஸைப் பிடுங்கணும்னு சொன்னது சலவைக்கடைத் தம்பிதானே?"

"மன்னிச்சிருங்க சார். ஒரு நிமிசம்கூட வேற மாதிரி யோசிக்கல."

"யோசிக்காததே நல்லதாப் போச்சு. யாருக்கோ பட்டன் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சிருந்தா, பேட்டரி தீர்ந்தாத் தானா சரியாயிரும்னு விட்டிருப்பீங்க. கோபமாக் கிளம்பினவங்க பாதியில திரும்ப மாட்டாங்க. நீங்க திட்டத் திட்ட எனக்குத் தெம்பா இருந்துச்சும்மா. நடுவுல திட்டுற சத்தம் குறைஞ்சப்பதான், தேடறதை விட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். இந்த எட்டு மாதத்தில் ஒரு காலைகூட அவர் ரேடியோவை அணைத்ததில்லை. எல்லாரும் ஆஜர் சொல்வதைக் கேட்பார். பதில் சொல்ல மைக்கை எடுப்பார், வைத்துவிடுவார். பந்தயத்தன்று காலையில் ஏணி ஏறியதுகூட, சிக்னல் இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று ஆன்டெனாவை உயர்த்தத்தான். "அந்தப் பொண்ணு இப்ப நல்லாப் பேசுது. என்னாலதான் அது பயந்துச்சுன்னு தெரியும். சொல்லணும்னு நினைச்சேன். வாய் வரல."

பல்லம்மா அந்தப் பெண்ணின் முறை நாளைக்கு என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் சவரம் செய்ய ஆள் கிடைக்குமா என்று கேட்டார்.

விசில் அடித்தது யார் என்று அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் விசில் கேட்டதால், அவர் இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பல்லம்மா ஒரு விதி கொண்டுவந்தாள். ஒருவர் ஒரு வாரம் சேனலுக்கு வரவில்லை என்றால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கோபித்துக்கொண்டு போனவராக இருந்தால் சண்டை போட்டவரே போக வேண்டும். கையைத் தூக்காதவர் யாருமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பிய நாளில் நாலு மாடி ஏற்ற வழியில்லாமல், மருந்துக்கடையிலிருந்த கைப்பிடி நாற்காலியில் உட்காரவைத்து ஆறு பேர் தூக்கினார்கள். முப்பது வருடம் மற்றவர்கள் ஏறி இறங்க லிஃப்ட் பழுது பார்த்தவர், முதல் தடவையாகத் தானே சரக்காகப் போகிறேன் என்றார். மகள் பின்னால் மருந்துப் பையோடு வந்தாள். நாத்தனார் முன்னால் ஏறிக்கொண்டு, எந்தப் படி உடைந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் தலை இடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பார்சல் சுமந்து ஏறி இறங்கிய படிகள்.

மூன்றாவது மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். கதவைத் திறந்து அன்று பால்கனியில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடம் மேலே குடியிருந்தவரின் முகத்தை அவள் சரியாகப் பார்ப்பது இப்போதுதான் போலிருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆறு பேரும் குடித்தார்கள். லிஃப்ட்காரரும் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, இடது பக்கம் பிடித்த கண்டக்டர் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறார், அடுத்த மாடிக்குச் சலவைக்கடைத் தம்பியோடு இடம் மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றார். கண்டக்டர் இடம் மாறிக்கொண்டார். மறுபடி தூக்கினார்கள்.