தங்கை வீட்டுக்குப் போகும் வழியில்

அந்தத் தையல்காரிக்கு ஒரு கைப்பழக்கம். வீடு முழுக்கச் சுற்றி, போட்டிருக்கிற சுவிட்சையெல்லாம் தட்டி அணைத்துவிட்டுத்தான் தலை சாய்ப்பாள். மின்சாரக் கார் புதிதாக வந்த வீடு. அது கைக்குத் தெரியுமா? வாசற்பக்கத்துச் சுவிட்சையும் தட்டிவிட்டாள். இரவெல்லாம் சார்ஜ் ஏறவேண்டிய கார், அரைவயிற்றோடு நின்றது.

போகவேண்டிய நாளோ சாதாரண நாளில்லை. தங்கை தன் மகளின் கல்யாண உடுப்பை வேறு கடையில் தைக்கக் கொடுத்துவிட்டாள் என்று அவளோடு பேச்சை முறித்து இரண்டு வருஷம். இப்போது தங்கையே இறங்கிவந்து, மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். தாமதமாய்ப் போனால் வீம்பு என்றல்லவா நினைப்பாள்? மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஏசியை நிறுத்திவிட்டு ஆமையாய் ஓட்டினார்.

"இப்படிப் போனா அவ பேத்தி கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவோம்."

"விரட்டினா சார்ஜ் இறங்கிடும்மா. அப்புறம் நீதான் தள்ளணும்."

முக்கால்வாசி வழியில் சார்ஜ் போடும் இடம் வந்தது. இரண்டு மெஷினில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றதில் வேறொரு கார். அது முடிந்து, இவர்களுக்கு ஏறுவதற்குள் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும்.

"போன் பண்ணிச் சொல்லிடேன்," என்றார்.

"நானா? நான் முதல்ல பேசமாட்டேன்னு சொன்னவ."

"முதல்லதான் அவ பேசிட்டாளே. நீ ரெண்டாவது பேசு."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. போனை எடுத்தாள்.

"வேணும்னு லேட் பண்ணலடி. வழியில சார்ஜ் போடற இடத்துல நிக்கறோம். நான்தான் ராத்திரி கார் சுவிட்சை அணைச்சுத் தொலைச்சிட்டேன்…"

அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்பு.

"அய்யோ அக்கா! நான் படிச்சிட்டிருக்கும்போதே லைட்டை அணைக்கிறவளாச்சே நீ! அங்கேயே இரு, நகராத."

"எங்கடி நகர்றது? கயித்துல கட்டின மாடு மாதிரி நிக்கறோம்."

இவர்கள் முறை வந்து காரை மெஷினில் மாட்டிய சற்றைக்கெல்லாம் தங்கை ஸ்கூட்டரில் வந்திறங்கினாள், சாப்பாட்டுத் தூக்குச்சட்டியும் தட்டுகளுமாக. பின்சீட்டில் அக்காவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து பரிமாறினாள்.

"அந்த உடுப்பு தோள்ல தொளதொளன்னு தொங்குச்சு, தெரியுமா?"

"போட்டோவுல பார்த்தேன். பார்த்துட்டு அன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்."

"சாப்பிடுவே, சாப்பிடுவே. இந்தா, இன்னும் ஒரு துண்டு மீன் வெச்சுக்க."

சார்ஜ் நிறைந்தது, பின்னால் காத்திருந்தவர் ஹாரன் அடித்தார். வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வயரைக் கழற்றினார், காரைச் சத்தமில்லாமல் நகர்த்தி மரநிழலில் நிறுத்தினார். அக்காளும் தங்கையும் அதைக் கவனிக்கவேயில்லை.